வளைவு அலங்காரக் குழு

இயற்கை மறந்துபோன கடமையை மனிதன் தன் கையில் எடுத்துக்கொள்வதுதான் நாகரிகம் என்றால், பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையிலுள்ள வால்பிரே கிராமத்தைவிட நாகரிகமான ஊர் உலகத்தில் கிடையாது.

ஒவ்வொரு ஜனவரியிலும் கார்ப் பந்தயம் கணவாயிலிருந்து இறங்கி அந்த ஊர்க் கொண்டை ஊசி வளைவைக் கடந்து போகும். இந்த ஆண்டு வளைவில் வெயில் விழுந்து தார்ச்சாலை காய்ந்து கிடந்தது. காய்ந்த சாலையில் கார் ஒழுங்காகப் போய்விடும். ஒழுங்காகப் போகும் காரைப் பார்க்க யார் குளிரில் நிற்பார்கள்? ஆகவே ‘வளைவு அலங்காரக் குழு’ வழக்கம்போல மண்வெட்டிகளோடு கூடி, ஓரத்துப் பனியை அள்ளிச் சாலையில் போடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

குழுத் தலைவர் செவரேனுக்கு மட்டும் நெஞ்சில் ஒரு சின்ன உறுத்தல். பாலாடைக்கட்டிக் கடைக்காரரான அவருடைய ஒரே மகள் சொலேன் இந்த முறை பந்தயத்தில் ஓட்டுகிறாள். முதல் பந்தயம். சாலையில் பனி எங்கே இருக்கிறது என்று காலையிலேயே பார்த்துப்போன பந்தயக் குழுக்களின் ஆட்கள், ‘வளைவு காய்ந்திருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பி ஓட்டுநர்கள் எல்லோரும், பனியைக் கவ்விப் பிடிக்கும் ஆணி இல்லாத டயர் மாட்டியிருந்தார்கள்.

தலைவர் ஆழ்ந்து சிந்தித்து, ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

“சொலேனோட நீலக் காருக்கு முன்னாடி ஒரு மஞ்சள் கார் வருது. அது போனதும் பனியைச் சுத்தமா பெருக்கிடுவோம். என் பொண்ணு போனதும் மறுபடி போட்டுடுவோம்.”

நடுநிலைமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? திருத்தமும் ஏகமனதாக நிறைவேறியது.

குறுக்கே வந்தது தபால்காரி ஒனோரின் மட்டுந்தான்.

“மத்த கார்ல வர்றதெல்லாம் என்ன, உருளைக்கிழங்கு மூட்டையா?”

“உனக்கு விளையாட்டு உணர்வே கிடையாது, ஒனோரின்.”

“கிடையாதுதான். ஒரு ஓரமாவது விட்டு வைங்கய்யா. பாவம், ரெண்டு சக்கரமாவது தார்ல உருளட்டும்.”

சொல்லிவிட்டு, தன் பூட்ஸ் காலாலேயே ஓரத்தைத் தள்ளிச் சுத்தம் செய்தாள். குழு அவள் பின்னாலேயே போய் மரியாதையாக நிரப்பியது.

முதல் கார் வந்தது. பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு போய்க் கல்சுவரில் உரசிவிட்டு நகர்ந்தது. கூட்டம் சூடான ஒயினைச் சிந்திக்கொண்டு ஆரவாரித்தது.

“என்ன அழகா திரும்புறான் பாருங்க!” என்றார் செயலாளர் கஸ்பார்.

“திரும்பலய்யா, சறுக்குறான்,” என்றாள் ஒனோரின்.

“சறுக்குறதும் ஒரு திரும்பல்தானே!”

ஒவ்வொரு கார் போனதும் கலைந்த பனியைத் தலைவர் தம் கையாலேயே சரிசெய்தார். மஞ்சள் காருக்காகக் குழு கடமையுணர்வோடு காத்திருந்தது. மஞ்சள் காரோ மேலே கணவாயில் இஞ்சின் கெட்டு நின்றுவிட்டிருந்தது. குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்று அதற்குத் தோன்றவில்லை.

மலைச்சரிவில் இரைச்சல் கேட்டது. தலைவர் கடைசியாக ஒரு மண்வெட்டிப் பனியை வீசிவிட்டு ஒதுங்கி நிமிர்ந்தார். வந்தது நீலக் கார்.

“ஐயோ, சொலேன்!”

கார் வளையவில்லை. நேராகப் போய்ச் சரிவில் இறங்கி, ஊசியிலை மரத்தில் மோதி நின்றது. ஆரவாரம் பாதியில் அறுந்தது.

பக்கத்து இருக்கையில் வழி சொல்லிக்கொண்டு வந்த தோழி காயமில்லாமல் இறங்கி, சொலேனைத் தாங்கி மேலே கொண்டுவந்தாள். சொலேனின் வலது கை தொங்கியது. ஒனோரின் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினாள்.

“காஞ்சிருக்குன்னுதானே எழுதியிருந்தாங்க, அப்பா?” என்றாள் சொலேன், பல்லைக் கடித்துக்கொண்டு. “நம்பித்தானே வந்தேன்!”

மேலே அடுத்த காரின் இரைச்சல் கேட்டது. செவரேன் மண்வெட்டியை எறிந்துவிட்டு நடுச்சாலையில் மண்டியிட்டு, வெறுங்கையால் பனியை வாரித் தள்ளினார்.

“பெருக்குங்க! எல்லாரும் வாங்கய்யா! அடுத்த கார் வருது!”

ஒனோரின் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டாள். வேறு யாரும் அசையவில்லை. செயலாளர் கஸ்பார் மட்டும் நெருங்கி வந்து, தலைவரின் தோளை அன்போடு தொட்டார்.

“பதறாதீங்க தலைவரே. உங்க பொண்ணோட முறை முடிஞ்சு போச்சு. தீர்மானப்படி இப்ப நாம மறுபடி போடணும். இனிமே வர்றது அடுத்தவங்க பிள்ளைங்கதானே?”