ஒரு காதல் நாவலைத் திட்டப் போய்

காதல் நாவல்களை நான் வாசித்தது ரசிப்பதற்காக அல்ல, திட்டுவதற்காக. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. ஒரு கம்பனியில் தொலைபேசியில் வரும் முறைப்பாடுகளைக் கேட்பது என் வேலை. காலையிலிருந்து மாலை வரை முன்பின் தெரியாதவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். (நான் வீட்டில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. எல்லா மன்னிப்பும் வேலையிலேயே செலவாகிவிடும்.) அந்தக் கோபத்தை எங்கேயாவது இறக்கத்தானே வேண்டும்? நோர்பரியிலிருந்து போகிற ரயிலில் ஒரு ஆங்கிலக் காதல் நாவலைத் திறப்பேன். பென்சிலால் பக்க ஓரங்களில் திட்டி எழுதுவேன். இறங்கும்போது மனது லேசாக இருக்கும்.

திட்டுவதற்கு அவற்றில் குறையே இல்லை. கதாநாயகனுக்குச் சட்டைப் பொத்தான் நிற்பதில்லை. கதாநாயகிக்குக் கணுக்கால் நிற்பதில்லை, சமதரையிலும் சுளுக்கும். அவன் முந்நூறு பக்கம் அவளிடம் எரிந்து விழுவான். கடைசிப் பக்கத்தில் "உன்மேல் உள்ள அன்பினால்தான்" என்பான். அவள் அழுவாள். நானாயிருந்தால் பொலிசுக்குப் போயிருப்பேன்.

மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகளையும் வாசித்தேன். அவற்றை எனக்குத் தந்தவள் சித்தியின் மகள் துளசி. ஒன்றில் எட்டுப் புத்தகம் முடிந்தும் பொடியன் கதாநாயகியின் கையைப் பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் எனக்குப் பிடித்தது. அது ஒரு கல்யாணத்தில் தொடங்கி, பிறகு சண்டை, பிறகு கூச்சம் என்று போய், ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர் பஸ் தரிப்பில் நிற்பதோடு முடிந்தது. குடும்ப வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு நேர்மையான புத்தகத்தை நான் வாசித்ததில்லை. அதை வலப்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும், நான் முடிவிலிருந்து தொடங்கியிருக்கிறேன் என்று துளசி பிறகு சொன்னாள். நான் கருத்தை மாற்றவில்லை.

இந்தக் கருத்துகளை அச்சில் போடத்தான் ஒரு ஆள் வந்து சேர்ந்தார். தமிழ்க் கடைகளில் வாசலோரம் சும்மா எடுத்துப் போகிற மாதப் பத்திரிகை ஒன்று அப்போது வந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியரை எல்லோரும் "ஆசிரியர் அண்ணை" என்போம். ஒரு பிறந்தநாள் விழாவில் நான் ஒரு நாவலை வாயால் கிழிப்பதைக் கேட்டுவிட்டு, "உதை அப்பிடியே எழுதித் தாரும் தங்கச்சி. ஆனா உந்த வெள்ளைப் பேருகள் வேண்டாம். எங்கட சனத்துக்கு வாயில வராது. எங்கட பேராப் போடும், எங்கட இடமாப் போடும்" என்றார்.

போட்டேன். "உண்மை விளம்பி" என்ற புனைபெயரில், வீட்டாருக்கு மட்டும் தெரிய, மூன்று மாதம் எழுதினேன். யாரும் வாசித்த மாதிரித் தெரியவில்லை. நான்காவது மாதம் எல்லோரும் வாசித்தார்கள்.

அந்த மாதம் நான் எடுத்த நாவலின் கதை இது. ஸ்கொட்லாந்தில் ஒரு கிராமம். அங்கே மாட்டு வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பாளராக ஒருத்தி வேலை செய்கிறாள். ஒரு நல்ல கணக்காளனுக்கு அவளை நிச்சயம் செய்தாயிற்று. அவளோ வைத்தியரின் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கிராமத்தை எங்கள் ஆட்கள் நிறைந்த தோர்ண்டன் ஹீத் ஆக்கினேன். மாட்டு வைத்தியர் எங்கள் ஆட்களுக்குக் கதாநாயகனாக எடுபடமாட்டார் என்று பல் வைத்தியர் ஆக்கினேன். அவளுக்கு வசந்தி என்று பெயர் வைத்தேன். கணக்காளனை அப்படியே விட்டேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கணக்காளர்கள்தானே.

துளசி தோர்ண்டன் ஹீத்தில் இருந்தாள். ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக வேலை செய்தாள். குட்மேய்ஸில் இருந்த செந்தூரன் என்ற கணக்காளனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தது. கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது.

இது எனக்கு எழுதும்போது தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. பல் வைத்தியர் என்றதும் கண்ணுக்கு முன்னால் துளசி நின்றிருக்கிறாள், கை தானாகப் போயிருக்கிறது. மூளை கூடப் போகவில்லை.

ஆசிரியர் அண்ணை தன் பங்குக்கு ஒரு வேலை பார்த்தார். நகைக்கடை விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வந்ததாம். இடம் போதாமல் என் கட்டுரையின் தலைப்பையும், "இம்மாதம் வாசித்த நாவல்" என்ற வரியையும், புத்தகத்தின் பெயரையும் தூக்கிவிட்டார். மிச்சம் இப்படித் தொடங்கியது: "தோர்ண்டன் ஹீத்தில் பல் வைத்தியரிடம் வேலை செய்யும் வசந்திக்கு வெட்கம் என்பதே கிடையாது." இப்படி முடிந்தது: "கல்யாணத்துக்கு நாள் வைத்த பிறகு வைத்தியரோடு ஓடிப்போனாள். இவளைப் பற்றி எழுதக் காகிதம் ஒரு கேடா?" கீழே, உண்மை விளம்பி.

சனிக்கிழமை காலை சித்தி ரெலிபோன் எடுத்தா. அழுகையில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி போதுமாக இருந்தது. செந்தூரனின் அம்மா கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டா.

"அவ பேர் வசந்தி எண்டல்லோ போட்டிருக்கு" என்றேன்.

"பேர் மாத்திப் போட்டிருக்கு எண்டதாலதானாம் உண்மையாம்! பொய்க்கதையெண்டால் ஏன் பேரை மாத்தப் போயினம் எண்டு கேக்கினம்!"

நான் பேச்சை மாற்றினேன்.

"துளசி வீட்டிலதானே இருக்கிறாள், ஓடேல்லையே?"

"போன மாசம் கொப்பளிப்பான் வந்து ஒரு கிழமை வெளியால வரேல்லைத்தானே. அந்தக் கிழமைதான் ஓடினவளாம். நாங்கள் போய்ப் பிடிச்சுக்கொண்டு வந்து மறைச்சுப்போட்டமாம்."

துளசி வேலை செய்த பல் வைத்தியருக்கு எழுபது வயது. முழங்கால் வலி. கதிரையிலிருந்து எழும்ப துளசிதான் கை கொடுப்பாள். (அதையும் யாரோ பார்த்திருந்தார்கள்.)

துளசி ரெலிபோனை வாங்கினாள். அவள் அழவில்லை. "அக்கா, ரெண்டு வருஷம் சண்டை பிடிச்சு ரெண்டு வீட்டையும் இந்தக் கல்யாணத்துக்கு ஓம் எண்டு சொல்ல வைச்சனான். நாளைக்கு நீங்கள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுறீங்கள். இல்லாட்டி உங்களோட இனிக் கதை இல்லை" என்றாள்.

ஞாயிறு பின்னேரம் குட்மேய்ஸ். ஒரு சோபாவில் சித்தி, சித்தப்பா, நடுவில் முகத்தில் கொப்பளிப்பான் அம்மைத் தழும்போடு துளசி. எதிர்ச் சோபாவில் செந்தூரன், அவனுடைய அம்மா. செந்தூரனின் அப்பா மேசையோடு தனியாக ஒரு கதிரையில். அவர் ஊரில் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஒரு காகிதத்தை இன்னொரு காகிதத்தோடு ஒப்பிடாமல் நம்பவே மாட்டார். முன்னால் பத்திரிகை, பேனை, ஒரு கொப்பி. தேத்தண்ணி தரவில்லை. எங்கள் வீடுகளில் தேத்தண்ணி தராவிட்டால் நிலைமை மோசம்.

"கொண்டுவந்தனீரோ?" என்றார்.

புத்தகத்தை எடுத்தேன். ரயிலில் ஆட்கள் பார்க்காமலிருக்க நான் நாவல்களுக்குக் கலண்டர்த் தாளால் உறை போடுவது வழக்கம். செந்தூரனின் அம்மா புத்தகத்தை வாங்கி, மேலே இருந்த லட்சுமியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உறையைக் கழற்றினா. உள்ளே ஒருவன் புயலில் சட்டை திறந்தபடி நின்றான். பக்கத்தில் ஒரு பசுமாடு. அவ மாட்டை மட்டும் பார்த்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பித் தந்தா.

"வாசியும். தமிழில சொல்லும்" என்றார் செந்தூரனின் அப்பா.

இந்த உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கஷ்டமான மொழிபெயர்ப்புகளைச் செய்திருக்கிறார்கள். ஒருவரும் மாப்பிள்ளையின் தாய் தகப்பனுக்கு முன்னால் இருந்து இதைச் செய்திருக்கமாட்டார்கள்.

"அவன்... அவளின்ர கையைப் பிடிச்சான். 'நீ போகக் கூடாது' எண்டான்."

"ஆர், கணக்காளரோ?" என்றா செந்தூரனின் அம்மா.

"இல்லை அன்ரி, டொக்டர்."

"மாட்டு டொக்டரோ?"

"ஓம்."

"கை கழுவினவனோ?"

"அது எழுதேல்லை, அன்ரி."

செந்தூரன் குஷனை எடுத்து மடியில் வைத்து, பிறகு முகத்தில் வைத்தான். அப்பா பத்திரிகையில் ஒரு வரிக்குக் கீழே கோடிட்டார். "கை பிடித்தது சரி. மேல வாசியும்."

வாசித்தேன். பெருமூச்சு சரி. மோதிரம் சரி. ஓரிடத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன்.

"ஏன் பக்கம் தாண்டினனீர்?"

"அது மழையைப் பற்றி, அங்கிள்."

"மழையைத்தானே? வாசியும்."

மழையை வாசித்தேன். மழையில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு வைக்கோல் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். அங்கே அவர்கள் "வாழ்க்கையைப் பற்றி நீண்டநேரம் கதைத்தார்கள்" என்று மொழிபெயர்த்தேன். சித்தப்பா கூரையைப் பார்த்தார். அன்ரி மட்டும் சோபாவின் நுனிக்கு வந்திருந்தா. "பிறகு?" என்றா.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. அப்பாவின் முகம் இளகிவிட்டது. சித்தி மூச்சு விட்டா. அப்போது அவர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "கடைசியாக ஓடினது. அது எத்தனையாம் பக்கம்?" என்றார்.

நான் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன். அவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கடைசி அத்தியாயத்தைத் தானே வாசித்தார். பத்து நிமிடம் எடுத்தது.

"இதில ஒருத்தரும் ஓடேல்லை" என்றார். "பிள்ளை கணக்காளரையே கட்டுது. மாட்டு டொக்டர் வந்து மொய் எழுதிப்போட்டுப் போறார்." கண்ணாடியைக் கழற்றினார். பத்திரிகையைத் தட்டினார். "இதில ஓடினது எண்டு இருக்கு. புத்தகத்தில ஓடேல்லை. அப்ப ஓடினது ஆர்?"

அறையில் எல்லோரும் துளசியைப் பார்த்தார்கள். துளசி என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. ஆசிரியர் அண்ணை மாற்றிவிட்டார் என்று சொல்லலாம். அவர் அங்கே இல்லை, வசதியான ஆள். நான் வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் துளசியின் முகத்தைப் பார்த்தபோது அது வெளியே வரவில்லை.

"அங்கிள், நான் அந்தப் புத்தகத்தை முடிக்கேல்லை. நூற்று நாற்பதாம் பக்கத்தோட நிப்பாட்டிட்டன். முடிவு உப்பிடித்தான் இருக்கும் எண்டு நானே எழுதினனான்."

"வாசிக்காமலோ 'எழுதக் காகிதம் ஒரு கேடா' எண்டு எழுதினனீர்?"

"ஓம்."

"என்ன பேரில எழுதினனீர்?"

"உண்மை விளம்பி."

அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"உதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார். "இப்ப பிள்ளையைக் காப்பாத்தச் சொல்லுறீரோ என்னவோ."

செந்தூரன்தான் குஷனை இறக்கிவிட்டுச் சொன்னான்: "அப்பா, பக்க ஓரத்தைப் பாருங்கோ. பென்சிலால என்னவோ எழுதியிருக்கு."

என் தலைவிதி. அவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொன்றாக, சத்தமாக, எழுதுவினைஞரின் குரலில்.

"'விசரி.' இது ஆரின்ர கையெழுத்து?"

"என்ர."

"'இவளுக்கு வேறை வேலை இல்லையோ.' இது?"

"என்ர."

"'மாட்டோட சேர்த்து இவனுக்கும் ஊசி போட வேணும்.'"

"என்ர, அங்கிள்."

மழைப் பக்கத்துக்கு வந்தார். அங்கே நான் திட்டவில்லை. "ம்" என்று மட்டும் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். அவர் அதையும் வாசித்தார். "ம்." சித்தப்பா எழும்பி யன்னலடிக்குப் போனார். இவ்வளவு காலமும் நான் திட்டுவதற்காக மட்டும்தான் வாசிக்கிறேன் என்று நம்பிய ஒரே ஆளான என் அம்மா அன்று வராதது என் அதிர்ஷ்டம். (சித்தி அன்றே சொல்லிவிட்டா.)

நூற்று நாற்பதாம் பக்கத்தில் "போதும்" என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

புத்தகத்தை மூடினார். "நூற்று நாற்பதுக்குப் பிறகு ஏச்சு இல்லை. உந்தப் பிள்ளையால ஏசாமல் ஒரு பக்கமும் வாசிக்க ஏலாது. அப்ப வாசிக்கேல்லை எண்டது உண்மைதான்." பிறகு துளசியிடம் திரும்பி, "மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை. நாங்களும் முழுக்க வாசிக்காமல்தான் முடிவுக்கு வந்திட்டம்" என்றார்.

அன்ரி எழும்பி உள்ளே போனா. கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. சித்தி அழத் தொடங்கினா. இது வேறு அழுகை.

கல்யாணம் நடந்தது. என் பத்தி நின்றது. ஆசிரியர் அண்ணை அடுத்த மாதம் திருத்தம் ஒன்று போட்டார். "கடந்த இதழில் ஓடிப்போனதாகக் குறிப்பிடப்பட்டவர் ஓடிப்போகவில்லை" என்று இருந்தது. எந்தப் புத்தகம் என்று அதிலும் போடவில்லை. நாவலை அன்ரி திருப்பித் தரவேயில்லை. இப்போது அவ என்னைவிட அதிகமாக வாசிக்கிறா. ஒரு வித்தியாசம், முடிக்கிறா.

எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. எங்கள் குடும்பத்தில் எங்கே கணக்குத் தப்பினாலும் யாராவது அதைக் கேட்பார்கள். பொரித்த ரோல்ஸ் தட்டில் ஒன்று குறைந்தால், "அப்ப ஓடினது ஆர்?" துளசியின் பிள்ளைகளுக்கும் அது பாடம்.

போன மாதம் என் இரத்தப் பரிசோதனை முடிவு கடிதத்தில் வந்தது. முதல் பக்கத்தை வாசித்தேன். சித்தி, துளசி, அன்ரி எல்லோருக்கும் ரெலிபோன் எடுத்து, எனக்கு இனி நாள் இல்லை என்று சொன்னேன். எல்லோரும் அழுதார்கள். பிறகு என் கணவர் வேலையால் வந்து கடிதத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அங்கே வேறு ஒருவருடைய பெயரும் பிறந்த திகதியும் இருந்தன, உறை மாறி வந்த முடிவு.

திரும்ப எல்லோருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் குட்மேய்ஸிலிருந்து ரெலிபோன் அடித்தது. செந்தூரனின் அப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. குரல் அப்படியே இருக்கிறது.

"பிள்ளை," என்றார், "அப்ப சாகப் போறது ஆர்?"