விரல் சொன்ன பட்டப்படிப்பு

ஹட்டன் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனாலும் நோர்வூட், டிக்கோயா பஸ்களில் நிற்கக்கூட இடமில்லை. விரல்ரேகைச் சித்தர் முத்துலிங்கம் வந்திருந்தார். பிள்ளையின் பத்து விரல்களையும் மெஷினின் கண்ணாடித் தட்டில் பதித்தால் போதும், எந்தப் பட்டப்படிப்பு என்று சொல்லிவிடுவார். பிள்ளைகள் கண்விழித்துப் படித்துப் பரீட்சை எழுதியதெல்லாம் வீண்வேலை.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்து கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமியின் மகள் சுதர்ஷினிக்குப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கிடைத்திருந்தது. பதிவு செய்ய அன்றுதான் கடைசி நாள். அப்பா மூக்கன் குறுக்கே நின்றார்.

"மனசப் படிக்கப் போனா நம்ம மனசே கெட்டுப்போகுமாம். சித்தர் சரின்னா போ."

"மொதல்ல இளமாணிப் பட்டம், அப்புறம் முதுமாணிப் பட்டம், ஆஸ்பத்திரியில பயிற்சி. எல்லாம் முடிஞ்சாத்தான்பா மனநோய் பாக்க முடியும். நம்ம லயத்துல பேய் புடிச்சிருக்குன்னு அடி வாங்குறாங்களே, அவங்கள யாரு பாக்குறது?"

மூக்கன் வரிசையைக் காட்டினார்.

வாசல் மேசையில் ஷாமிலா என்ற உதவியாளர் பெயரையும் வீட்டையும் கிடைத்த படிப்பையும் கேட்டு, சீட்டில் எழுதி உள்ளே அனுப்பிவிட்டு, விரல்களைப் பதிப்பார். சித்தர் மேடையில் திரைக்குப் பின்னால் இருந்தார். முகத்தைப் பார்த்தால் ஞானம் கலைந்துவிடுமாம். பலன் மட்டும் ஒலிபெருக்கியில் வரும்.

"சுதர்ஷினி, லயம். உளவியல் தோஷம்! படித்தால் புத்தி பேதலிக்கும். தையல் உத்தமம். செப்பு மோதிரம் அணியவும்."

மோதிரம் பக்கத்து மேசையிலேயே விற்பனைக்கு இருந்தது. என்ன ஒரு வசதி! மூக்கன் ஒன்று வாங்கி மகளிடம் நீட்டினார்.

சுதர்ஷினி அதைத் தொடவில்லை. மறுபடியும் வரிசையில் போய் நின்றாள். ஷாமிலா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"பேரு?"

"ஜெயந்தினி."

"லயமா?"

"இல்லீங்க. கண்டாக்கு ஐயா மக. உளவியல் கெடச்சிருக்கு."

காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த உத்தியோகத்தர் முன்னால் மூக்கன் இதுவரை தலை நிமிர்ந்ததில்லை. சித்தரும் அப்படித்தான் போலும்.

"ஜெயந்தினி, கண்டாக்கு இல்லம். ஆகா! பிறர் மனதைப் படிக்கவே பிறந்த விரல்கள்! உளவியலில் கலாநிதிப் பட்டம் நிச்சயம்!"

மண்டபம் கைதட்டியது. சுதர்ஷினி மேடையேறித் திரையை விலக்கினாள்.

"அந்த ஜெயந்தினி நாந்தாங்க. சுதர்ஷினியும் நாந்தான். அதே பத்து விரலு."

"கரண்ட் ஏறி இறங்கியதில் மெஷின் கொஞ்சம்..." என்று சித்தர் இழுத்தார்.

"சரிங்க. இங்க இருக்கவங்க ஒவ்வொருத்தரா விரல வைக்கட்டும். பேரு, வீடு எதுவும் சொல்ல மாட்டாங்க. யாரு லயம், யாரு கண்டாக்கு வீடுன்னு விரலப் பாத்துச் சொல்லுங்க."

சித்தர் விரலைப் பார்க்கவில்லை. பின்வாசலைப் பார்த்தார்.

மூக்கன் மோதிரத்தை மேடையில் வீசினார். "கண்டாக்கு பொண்ணுன்னா கலாநிதி, எம் பொண்ணுன்னா தையலாடா? நட தாயி, எங்க பதியணும்?"

இருவரும் பதிவுக்கு ஓடினார்கள். சித்தர் வேனுக்கு ஓடினார். வரிசை மட்டும் கலையவில்லை. மெஷின் சரியானதும் பார்த்துவிட்டுத்தான் போவார்களாம். நின்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று, பிள்ளையைக் கேட்டீர்களா?