குடிக்காதவர் எழுதிய குடிநீர்ச் செய்தி

செய்தியில் சம்பந்தப்பட்டவர் அந்தச் செய்தியை எழுதக் கூடாது. நியாயமான விதிதான். பத்திரிகை அலுவலகத்தில் மாடிப்படி ஏறியதும் கண்ணில் படுகிற மாதிரி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் புதிதாக வந்த அறநெறி அலுவலர். அந்த வருஷம் எல்லாப் பத்திரிகையும் ஆளுக்கொரு அறநெறி அலுவலர் வைத்துக்கொண்டதால் இந்தப் பத்திரிகையும் ஒருவரை வைத்துக்கொண்டது. மூன்று நாள் பயிற்சி முடித்து, கழுத்தில் அட்டை தொங்க வந்து சேர்ந்தவரை எல்லோரும் 'அறம் சார்' என்றார்கள்.

அந்த விதியால் வினை வந்தது நகர நிருபருக்கு. அவர் தெருக் குழாயில் புழு வந்தது. இரண்டு நாளாக மகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதே தெருவில் இன்னும் ஒன்பது பிள்ளைகளுக்கு அதே வயிற்றுப்போக்கு. தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று பரிசோதனைக்கூடம் எழுதியே கொடுத்துவிட்டது. காலைப் பேப்பரில் வந்துவிட்டால் போதும், ஊர் குடிப்பதை நிறுத்தும். நிருபர் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டுபோய் அறம் சார் மேஜையில் வைத்தார்.

அறம் சார் படித்தார். மூடி கழற்றாத பேனாவால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பிரமாதம். நீங்க இந்தத் தண்ணியக் குடிக்கிறீங்களா?"

"ஊரே குடிக்குது சார்."

"ஊரை விடுங்க. நீங்க?"

"குடிச்சேன்."

"அப்ப நீங்க ஒரு தரப்பு."

"சார், என் பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கா."

"அடடா," என்றார் அறம் சார், உண்மையான வருத்தத்தோடு. "ரெண்டு தரப்பு."

சரி, வேறு யாராவது எழுதட்டும் என்று முடிவாயிற்று. உடனே 'நீர்த் தொடர்பு அறிவிப்புப் படிவம்' தயாரானது. குடித்தல், குளித்தல், கொப்பளித்தல் என்று மூன்று கட்டங்கள். எதில் டிக் விழுந்தாலும் ஆள் அவுட்.

"நான் காலையில ஒரே ஒரு வாய்தான் சார்," என்றார் விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர்.

"ஒரு வாயும் வாய்தான்."

"நான் தண்ணியே தொடறதில்ல, காபி மட்டும்தான்," என்றார் குறுக்கெழுத்துப் போடுபவர்.

"காபிய எதுல போடறாங்க?"

குறுக்கெழுத்துக்காரருக்குக் கட்டம் நிரம்பவில்லை.

மாலைக்குள் அலுவலகம் மொத்தமும் தகுதியிழந்தது. கடைசியில், மறுப்பு ஏதும் உண்டா என்று கேட்கக் குடிநீர் அலுவலக அதிகாரிக்கு அறம் சாரே போன் போட்டார். ஸ்பீக்கரில் அதிகாரி சிரித்தார்.

"இந்தத் தண்ணிய நான் குடிக்கவா? எனக்கென்ன கிறுக்கா?"

அறம் சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "ஒரு சொட்டுகூட?"

"பல் தேய்க்கக்கூடக் கேன் தண்ணிதான்."

"வீட்ல மத்தவங்க?"

"எங்க நாய்க்கே கேன் தண்ணிதாங்க."

"கெடச்சிட்டார்," என்று அறம் சார் போனைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஊர்லயே ஒரே நடுநிலையாளர்."

நிருபர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், தண்ணி விடறவரே அவர்தான்."

"விடறார். குடிக்கலையே."

மறுநாள் முதல் பக்கத்தில் படத்தோடு வந்தது. தலைப்பு: 'உயிர்ப்புள்ள குடிநீர்'. புழுக்கள் நீரில் நலமுடன் வாழ்ந்து வருவதே அந்நீர் நஞ்சற்றது என்பதற்கு அசைக்க முடியாத சான்றாகும் என்று அதிகாரி எழுதியிருந்தார். அடியில் பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி: 'இச்செய்தியாளர் இந்நீரை ஒருபோதும் அருந்தியதில்லை. அருந்திய நகர நிருபர் இச்செய்தியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டுள்ளார்.'

வாசகர் கடிதங்கள் குவிந்தன. எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் படிவம் அனுப்பப்பட்டது. எல்லோரும் குடிக்கிறவர்கள், எல்லாம் குப்பைக்கு. ஒரே ஒரு கடிதம் தேறியது. பதினோரு வருஷத்துக்கு முன்பே வெளிநாட்டில் குடியேறிவிட்டவர் எழுதியது: 'நம்ம ஊர்த் தண்ணிக்கு ஈடு உண்டா?'

அதைப் படித்த கையோடு நிருபர் பரிசோதனைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனார். பேப்பர் போடாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. எதிர்வீட்டு அக்கா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மகனும் நிருபர் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் கிடந்தான்.

"அக்கா, இதக் குடிக்காதீங்க. புழு நெளியுது, நீங்களே பாருங்க."

அக்கா குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். புழுவும் மேலே வந்து அக்காவைப் பார்த்தது.

"தெரியுது தம்பி. ஆனா நீ இந்தத் தண்ணியக் குடிச்சவனாமே, பேப்பர்லயே போட்டுட்டான். அப்புறம் நீ சொல்றத எப்படி எடுத்துக்கறது?"

"ஏன், நீங்க குடிக்கலையா?"

"குடிக்காம? அதனாலதானே இதப் பத்தி நான் வாயே தெறக்கறதில்ல," என்று நிரம்பிய குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, காலால் அடுத்த குடத்தைக் குழாய்க்கு நேராகத் தள்ளினாள் அக்கா.