கப்பல் கங்காணி

கொழும்பு ரயில் தெஹியோவிட்டையை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம் ஆகிவிட்டது. சோலைமலைக் கங்காணிக்கு வர வேண்டிய வயிற்றுவலி இன்னும் வந்தபாடில்லை.

முந்தின நாளிலிருந்தே அதற்காகப் பாடுபட்டார். பழைய சோறு, பச்சை மாங்காய், அதற்கு மேல் இரண்டு செம்பு புளித்த மோர் என்று தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். மற்ற நாளில் ஒரு பச்சைமிளகாய்க்கே கூப்பாடு போடுகிற வயிறு, அன்றைக்கென்று பார்த்து அசையாமல் கிடந்தது. வேறு வழியில்லாமல் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு தாமே முனக ஆரம்பித்தார்.

"ஏங்க, என்ன செய்யுது?" என்றாள் மனைவி அங்கம்மா.

"சுருக்கு சுருக்குன்னு குத்துது புள்ள. நான் அவிசாவளையில எறங்கித் தோட்டத்துக்கே திரும்பிடுறேன். நீங்க மூணு பேரும் போய்க் கடல்ல சந்தோஷமாச் சுத்திட்டு வாங்க."

"நீங்க இல்லாம எங்களுக்கு என்னங்க கடலு?"

எதிரே உட்கார்ந்திருந்த மகள் ஜெயம்மா சிரித்தாள். "அப்பா, கடக்காத்து மேல பட்டா எப்பேர்ப்பட்ட நோவும் பறந்துடும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

சொன்னார்தான். ஒரு தடவையா, இரண்டு தடவையா? தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்து பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அலை பனைமர உயரத்துக்கு வந்தது, அதில் கப்பல்காரனே மிரண்டுபோய் இவரிடம் யோசனை கேட்டது, மற்றவர்கள் எல்லாம் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்தபோது இவர் மட்டும் மேல்தட்டில் நின்று வெற்றிலை போட்டது. தோட்டத்தில் அவருக்குப் பெயரே கப்பல் கங்காணிதான். ஆள் சேர்க்க எட்டுத் தடவை இந்தியாவுக்குப் போய்வந்த மனிதர் என்றால் சும்மாவா?

அத்தனையும் பச்சைப் பொய். ஏழு வயதில் அப்பனோடு தூத்துக்குடியிலிருந்து வந்தபோது அந்தக் குடல் வெளியே வரும் வாந்தியை எடுத்தது இவரேதான். அதற்குப் பிறகு ஆற்றில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. எட்டுத் தடவையும் கொழும்பைத் தாண்டவில்லை. கொச்சிக்கடையில் ஒரு சோற்றுக்கடை மாடியில் மாதம் முழுக்கச் சீட்டாடிக்கொண்டு கிடப்பார். றக்வானைத் தோட்டத்துக் கந்தையா கங்காணி ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்து இறங்கியதும், அதில் பாதிப் பேரைத் தன் ஆட்களாக அழைத்துக்கொண்டு, கையில் குடையும் தலையில் பாகையுமாகத் தோட்டத்துக்குள் நுழைவார். வந்தவர்கள் யாராவது, "ஒங்களக் கப்பல்ல பாக்கலையே?" என்று கேட்டால், "நான் மேல்தட்டு, நீங்க கீழ்த்தட்டு" என்பார். அத்தோடு அடங்கிவிடுவார்கள்.

இன்றைக்குப் படகில் காலை வைத்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். அதுவும் கல்யாணமாகி இரண்டே மாதமான புது மாப்பிள்ளையின் முன்னால். அவர் ஏறாத கப்பலில் அவருடைய மானம் ஏறிவிடும்.

இந்த வினையைக் கொண்டுவந்தவள் அங்கம்மா. லயத்து ஜனம் கூடியிருந்த நேரமாகப் பார்த்து, "எட்டுத் தடவை கடல் தாண்டின மனுஷன், பெண்டாட்டி புள்ளைய ஒரு நாளைக்குக் கடலுக்குக் கூட்டிப் போகக் கூடாதாங்க?" என்று கேட்டுவிட்டாள். ஜனத்துக்கு முன்னால் என்ன செய்வது? "அதுக்கென்ன, போனாப் போச்சு" என்றார் கங்காணி. வீட்டுக்குள் வந்ததும், துரை லீவு தரமாட்டார் என்று சொல்லிப் பார்த்தார். ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருந்த மாதம் அது. அங்கம்மா துரைசானியிடம் சொல்லிவைக்க, துரை தாமாகவே கூப்பிட்டு லீவு கொடுத்துவிட்டார். படகு கிடைக்காது என்றார் கங்காணி. தெஹியோவிட்டையில் கடை வைத்திருக்கும் முக்தார் முதலாளியின் மச்சான் ஸம்சுதீன் கொழும்புத் துறைமுகத்தில் மோட்டார் படகு ஓட்டுகிறாராம். அங்கம்மா அவருக்கும் சொல்லியனுப்பிவிட்டாள். மிச்சமிருந்தது வயிற்றுவலி ஒன்றுதான்.

மாப்பிள்ளை நாகலிங்கம் தோட்டத்து மருந்துச்சாலையில் வேலை பார்ப்பவன். மாமனாரின் முனகலைக் கேட்டதும் பையைத் திறந்து ஒரு கறுப்புப் போத்தலை எடுத்தான்.

"மாமா, வாயத் தொறங்க. ஒரே மடக்கு."

"வேணாம் மாப்பிள்ளை, அதுவா சரியாப் போகும்."

"வைத்தியத்துக்கு வெக்கப்படலாமா மாமா? ம்..."

மருந்து உள்ளே போனது. வேப்பங்காயையும் மண்ணெண்ணெயையும் சேர்த்து அரைத்தது போல ஒரு கசப்பு. மூன்றாவது நிமிஷம் வயிற்றுக்குள் ஏதோ புரண்டு படுத்தது. அவ்வளவு நேரம் எதிர்பார்த்த வலி அப்போதுதான் நிஜமாகவே வந்து சேர்ந்தது.

"இப்ப எப்படி இருக்கு மாமா? கேக்கலைன்னா இன்னொரு மடக்குத் தாரேன்."

"ஐயோ, சொகமா இருக்கு மாப்பிள்ளை! வலி போன எடமே தெரியல!"

அதற்குப் பிறகு அவர் முனகக்கூட முடியாமல் போயிற்று. வலியை விழுங்கிக்கொண்டு கொழும்பு வரைக்கும் சிரித்தபடியே வந்தார்.

துறைமுகத்தில் ஸம்சுதீன் காத்திருந்தார். தொப்பி, முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிய சாரம், வெற்றிலைச் சிவப்பு வாய். படித்துறையை ஒட்டி அவருடைய படகு கிடந்தது. முன்பக்கம் உட்காரப் பலகை, நடுவில் இஞ்சின், பின்பக்கம் படங்குத்துணி போட்டு மூடிய சின்னக் கூண்டு. தண்ணீர் விரித்த பாய் போலத்தான் அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதியைப் பார்த்தே கங்காணி இரண்டடி பின்வாங்கினார்.

கடைசி முயற்சியாக ஒரு செருமல் செருமினார். "என்னா முதலாளி, இம்மாத்துண்டு படகு? நான் பெரிய பெரிய கப்பல்ல போய்ப் பழகினவன். இதுல ஏறினா எனக்கு மரியாதை இல்லீங்க. இவங்கள மட்டும் ஏத்திக்கிட்டுத் துறைமுகத்துக்குள்ளயே ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க, போதும்."

"அல்லாவே, கங்காணியார் மனசு நோகக் கூடாது" என்றார் ஸம்சுதீன். "உங்களுக்காகவே துறைமுகத்து அலைதடுப்புக் கல்லணையத் தாண்டி வெளிக்கடலுக்குக் கொண்டு போறேன். அங்க அலை நல்லாப் பெருசா ஈக்கும்."

"சபாஷ்!" என்று நாகலிங்கம் கைதட்டினான்.

கங்காணி அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளாததற்குக் காரணம், ஒரு கையில் குடையும் மறு கையில் சோற்று மூட்டையும் இருந்ததுதான்.

மகளும் மருமகனும் முன்பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கங்காணி ஒரு காலை வைத்தார். படகு லேசாகச் சாய்ந்தது. கடல், வானம், நாகலிங்கத்தின் மூக்கு எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. மறு காலை எப்படி எடுத்து வைத்தார் என்று அவருக்கே தெரியாது. நேராகப் பின்பக்கக் கூண்டுக்குள் புகுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார். தண்ணீரைப் பார்த்தால்தானே வினை?

"என்ன மாமா, கண்ணக் கட்டிட்டீங்க?" என்று நாகலிங்கத்தின் குரல் கேட்டது.

"புதுசா வர்றவங்கதான் கடலக் கண்ணால பாப்பாங்க மாப்பிள்ளை. என்னை மாதிரி ஆளுங்க படுத்து முதுகால பாப்போம். அலை எங்கிட்டிருந்து வருதுன்னு முதுகு சொல்லிப்புடும்."

"அடேங்கப்பா!" என்றான் நாகலிங்கம். அவன் மெய்யாகத்தான் சொன்னானா, கேலி செய்தானா என்று பார்க்கக் கங்காணிக்குக் கண் இல்லை.

கங்காணி மல்லாந்து படுத்தார். அங்கம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். இஞ்சின் டக் டக் டக்கென்று முழங்கியது. பலகை அதிர்ந்தது. எண்ணெய் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. படகு மேலே எழும்பிக் கீழே இறங்கியது. மறுபடியும் எழும்பி இறங்கியது.

"அந்தா பாருங்க, எவ்வளவு பெரிய கப்பலு!" என்று ஜெயம்மா கத்தினாள்.

அந்தப் பெரிய கப்பல் கிளப்பிவிட்ட அலை வந்து சேர்ந்தது. புளித்த மோரும் பச்சை மாங்காயும் கறுப்புப் போத்தலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தொண்டைக்கு வந்தன. கங்காணி கண்ணைக் கட்டிய நிலையில் கைக்கு அகப்பட்ட பாத்திரத்தைப் பிடித்து அதில் கவிழ்ந்தார். எல்லாம் முடிந்த பிறகு தடவிப் பார்த்தால், அது அவர் கழற்றி வைத்திருந்த தலைப்பாகை. காலையில் வேலைக்கு ஆள் நிற்கும் பெரட்டுக் களத்தில் இருநூறு பேர் பார்த்துப் பயந்த தலைப்பாகை!

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. "அங்கம்மா, மாப்பிள்ளை பாத்துட்டாரா?"

"இல்லீங்க. அவுக கப்பல் பாக்குறாக."

"படகத் திருப்பச் சொல்லு புள்ள."

அங்கம்மா எழுந்து போய்விட்டு வந்தாள். "இப்போதைக்குத் திரும்ப முடியாதாம்ங்க."

"கரை தெரியுதா?"

"அத ஏன் இப்பக் கேக்குறீங்க? பேசாமப் படுங்க."

கங்காணிக்குப் புரிந்துவிட்டது. கரை மறைந்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர்தான். இன்னொரு பெரிய அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. இரண்டாம் தடவையும் பாகையிடம் போய்வந்தார். இனிமேல் பிழைக்கப் போவதில்லை என்று முடிவாகத் தெரிந்தது. மனதில் பொய்யோடு போய்ச் சேரவும் பயமாக இருந்தது.

"அங்கம்மா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான்... நான் கடலத் தாண்டினதே இல்ல புள்ள."

அங்கம்மா அலறுவாள் என்று எதிர்பார்த்தார். அவள், "ம், வேற?" என்றாள்.

"எட்டுத் தடவையும் கொச்சிக்கடையில சீட்டாடிக்கிட்டுக் கெடந்தேன்."

"வேற?"

"மதுரையில வாங்குனேன்னு குடுத்த சுங்குடிச் சேலையெல்லாம் கொழும்புச் செட்டியார் தெருவுல வாங்குனது."

"வேற?"

"ஒங்கம்மாவுக்குன்னு நீ கட்டிக் குடுத்த கித்துள் கருப்பட்டி..."

"யாரு தின்னா?"

"நான்தான். மொத தடவை மட்டும் சீட்டாடுறவங்களுக்கும் குடுத்தேன்."

அங்கம்மா சிறுமியாக இருக்கும்போதே அப்பனோடு தோட்டத்துக்கு வந்தவள். தாய் ஊரிலேயே தங்கிவிட்டாள். இத்தனை வருஷமாகத் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் போய்வந்ததாகச் சொல்லிக்கொண்டவர் கங்காணி ஒருவர்தான். அதை நினைத்ததும் அவருக்கு வாந்தியைவிட மோசமாக ஏதோ நெஞ்சில் அடைத்தது.

"வேற ஒண்ணும் இல்லையாங்க?"

"இருக்கு புள்ள. அதச் சொல்லத்தான் நாக்கு வரல. ஒங்கம்மா சொல்லிவிட்டாங்கன்னு நான் வந்து சொன்னதெல்லாம்..."

"மாப்பிள்ளை பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாதன்னு சொன்னாங்களே, அதுவா?"

"அது நான் சொன்னது."

"மாப்பிள்ளைக்கு வாரத்துல ரெண்டு நாளு கோழி அடிச்சுப் போடுன்னு சொன்னாங்களே?"

"அதுவும் நான்தான்."

"அவுக கோவிச்சுக்கிட்டா நீயே போய்க் கால்ல விழுன்னு?"

கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். கண்ணைக் கட்டிய துண்டு நனைந்துவிட்டது. தாய் சொல் என்று நம்பிப் பதினைந்து வருஷமாக இவள் கோழி அடித்தாள், காலில் விழுந்தாள். அந்தக் காலை வெட்டிக் கடலில் போடலாம் போலிருந்தது அவருக்கு.

"மனுஷனாடி நான்? ஒங்கம்மா உசுரோட இருக்காங்களான்னுகூட எனக்குத் தெரியாது."

"இருக்காங்க" என்றாள் அங்கம்மா. "போன மாசம் பக்கத்துத் தோட்டத்துக்கு எங்க ஊரு ஆளுங்க வந்தாங்க. கண்ண மூடுறதுக்குள்ள மாப்பிள்ளை மொகத்த ஒரு தடவையாச்சும் பாக்கணும்னு எங்கம்மா சொல்லிவிட்டிருக்காங்க. ஒரு தடவைகூடப் பாக்கலையாமே."

"அப்ப ஒனக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும். ஒங்க வாயால வரணும்னு இருந்தேன்."

ஒரு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. கங்காணி படங்குத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினார். வெகுநேரம் விம்மினார். அழுது ஓய்ந்தபோது ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. இவ்வளவு நேரமாகியும் அவர் சாகவில்லை!

மெள்ள எழுந்து உட்கார்ந்தார். படகு ஆடியது. வயிற்றில் இனி வருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நெஞ்சிலும் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டும் காலியானதில் ஒரு தெம்பு வந்திருந்தது.

"அங்கம்மா! அடுத்த மாசமே நாம ஊருக்குப் போறோம். ஒங்கம்மா கால்ல நான் விழறேன்."

"கடலுங்க? தலைமன்னாருல கப்பல் ஏறணுமே!"

"ஏறினா என்ன? ஏழு வயசுலேருந்து இதுக்குத்தானே பயந்து செத்தேன்? இந்தா, கல்லணையத் தாண்டி வெளிக்கடலுக்கே வந்து, இம்புட்டு அலையும் பாத்துட்டு உசுரோட ஒக்காந்திருக்கேன். இனிமே எந்தக் கடலு என்னை என்ன செய்யும்?" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கண்கட்டை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனார். "ஒங்கம்மா மேல சத்தியம், கட்டாயம் ஏறுவேன்!"

அப்போது படங்குத்துணியை விலக்கிக்கொண்டு ஸம்சுதீன் தலையை உள்ளே நீட்டினார்.

"தங்கச்சி, நீங்க முக்தார் மச்சான்கிட்ட சொல்லியனுப்பின மாதிரியே கங்காணியார் எல்லாத்தையும் சொல்லி முடியுமட்டும் படகக் கரையிலேயே கட்டி வெச்சிருக்கேன், இப்ப கயித்த அவுக்கவா?"