பதினாலாயிரம் கிலோமீட்டரும் ஓர் ஏகாதசியும்

மைசூர்,
ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி.

சௌபாக்கியவதி மானஸாவுக்கு அப்பா ரங்கஸ்வாமியின் மனப்பூர்வமான ஆசீர்வாதம். மாப்பிள்ளை தேஜஸுக்கும் அப்படியே. மேல்கோட்டைப் பெருமாள் செல்வப்பிள்ளை கிருபையில் நான் சௌக்கியம். உங்கள் க்ஷேமம் பற்றி விசாரிக்க இப்போது அவகாசமில்லை. எழுதி முடித்ததும் இதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். அம்மாவை அழைத்து வரக் கிளம்பியிருப்பீர்கள். வண்டியை மாப்பிள்ளை ஓட்டட்டும், நீ படி.

உன் அம்மா விமானம் ஏறியது ஏகாதசியன்று. சர்க்கரைக்காரி உபவாசம் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்கே தெரியும். நாற்பத்தோரு வருஷமாக விட்டதில்லை என்று அவள் பிடிவாதம். ஆகவே நான் கணக்குப் போட்டேன். முப்பத்தாறு வருஷம் ரயில்வே கன்ட்ரோலில் உட்கார்ந்து வண்டிகளை ஓட்டியவன். பெங்களூரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ சுமார் பதினாலாயிரம் கிலோமீட்டர். மணிக்கு எண்ணூற்றைம்பது வீதம் பதினாறரை மணி நேரம். சனிக்கிழமை மத்தியானம் இரண்டுக்குக் கிளம்பினால் ஞாயிறு காலை ஆறரை. துவாதசி, சூரியோதயம், ஏர்போர்ட்டிலேயே பாரணை. இறங்கின உடனே சாப்பிட்டுவிடலாம் என்றேன். என் கணக்கை நம்பித் தலையாட்டினாள். தேவராஜ மார்க்கெட் வெற்றிலைக்காரர் வரை இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவளை ஏற்றிவிட்டு நேற்று சாயங்காலம் வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டு மஞ்சுநாத் வந்தார், இரண்டு தடவை அமெரிக்கா போய் வந்தவர். என் கணக்கைக் கேட்டு விரல்விட்டு எண்ணினார். பிறகு கன்னடத்தில், "அல்லி இன்னூ சனிவாரானே, ஸ்வாமி" என்றார். ஆறரை என்பது நம்மூர் ஆறரையாம். அங்கே அப்போது சனிக்கிழமை சாயங்காலம்தானாம், புறப்பட்ட அதே தேதி. தேசம் பூரா ஒரே கடியாரத்தை வைச்சுண்டு வண்டி விட்டவனுக்கு ஊருக்கு ஊர் மணி மாறும்னு எப்படித் தோணும்? அவ இறங்கித் தேதியைப் பாப்பா, சனிக்கிழமைன்னு இருக்கும், ஏகாதசி இன்னும் முடியலைன்னு இன்னொரு ராத்திரியும் பட்டினி கிடப்பா. வெள்ளிக்கிழமை ராத்திரியிலேர்ந்து சாப்பிடாதவ. மயக்கம் போட்டு விழுந்தா அது என்னாலதான். எனக்கு பயமா இருக்கு, மானஸா. நம்மூர்ல விடிஞ்சாச்சு, துவாதசி வந்தாச்சுன்னு சொல்லு. மேல்கோட்டையில பெரியவாளைக் கேட்டுட்டுத்தான் அப்பா சொல்றார்னு சொல்லு. கேக்கலை, ஆனா சொல்லு. வாசல்லயே ஒரு வாய் ஊட்டிவிடு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசோடும் திட ஆரோக்கியத்தோடும், வேளாவேளைக்குச் சாப்பாட்டோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: கண்ணாடியைத் தேடி எடுத்து, போட்டோ சரியாக விழாமல் திண்டாடி முடிப்பதற்குள் ஆறரை தாண்டி, அம்மாவே இறங்கிப் போன் செய்துவிட்டாள். பெங்களூரில் சோதனை முடிந்து உள்ளே போனதுமே இரண்டு இட்லியும் காபியும் சாப்பிட்டாளாம். "மாத்திரை போட்டுக்கணுமோல்லியோ. பெருமாள் ஒண்ணும் சொல்லமாட்டார், நீங்கதான் சும்மா கவலைப்படுவேள்னு சொல்லலை" என்றாள். விமானத்தில் கொடுத்ததையும் விடவில்லையாம். ஆகவே மேலே எழுதிய எதையும் அவளிடம் காட்ட வேண்டாம். நீங்க என்ன சாப்பிட்டேள் என்று கேட்டாள். அவளுக்குத் துணையாக நானும் வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீரில்தான் இருக்கிறேன். காது கேட்காத மாதிரி போனை வைத்துவிட்டேன். உன்னிடம் கேட்பாள். அப்பா சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிடு.