கட்டிக்குள் இரும்பு இல்லையாம்

துணுக்காய்.

அன்புள்ள மச்சான் தயாபரனுக்கு,

நாங்கள் இங்கு நலம். கனடாவில் நீரும் குடும்பமும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுகிறோம். போனில் சொல்லலாம்தான், ஆனால் உம்மட அக்கா விமலேஸ்வரி போனை என்ரை கையில விடமாட்டா. மகள் சாரங்கா இதைப் படம்பிடித்து அனுப்புவாள்.

விசயம் இதுதான். நீர் பதறியடித்து வரத் தேவையில்லை, டிக்கெட்டை நிற்பாட்டும். என் முதுகில் எழும்பிய கட்டி புற்றுநோய் என்று அக்கா உமக்குச் சொல்லி அழுதவாதானே? நான் அப்பவே சொன்னனான், அது சண்டைக்காலத்து ஷெல் துண்டு, இப்பதான் மேல வருது எண்டு. எங்கட ஒழுங்கையில ஆருக்குத்தான் துண்டில்லை? பக்கத்துவீட்டு வீரகத்தியண்ணைக்குத் தொடையில கிடக்கு. அவரே என்ரை முதுகைத் தடவிப் பாத்து, "ஓம் தவராசா, துண்டேதான்" எண்டவர். அந்த நாளில இருந்து நான் நெல்மூட்டை தூக்கேல்லை.

பிறகு ஆசுபத்திரியில ஸ்கானுக்குச் சீட்டு எழுதித் தந்தாங்கள். ஸ்கான் எண்டால் வயிறுமுட்டத் தண்ணி குடிச்சு அடக்கிக்கொண்டு போகவேணுமாம். சாரங்கா பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க அப்பிடித்தானாம் போனது. அக்கா போத்தல் போத்தலாப் பருக்கினா. பஸ் பள்ளத்தில விழுந்து எழும்பேக்க நான் பட்ட பாடு அம்மாளுக்குத்தான் தெரியும். உள்ளுக்குப் போனால் டொக்டர்ப் பிள்ளை சிரிக்குது. "முதுகைப் பாக்க ஏன் ஐயா தண்ணி? முதல்ல போயிட்டு வாங்கோ."

வந்து குப்புறப் படுத்தன். குளிரக் குளிர எதையோ பூசி, கருவியை அங்கயும் இங்கயும் அழுத்திப் பாத்தா. "கொழுப்புக் கட்டி ஐயா. தோலுக்குக் கீழ, தசைக்கு மேல, வடிவாத் தெரியுது. பயப்பிடாதேங்கோ."

நான் விடேல்லை. "நல்லாத் தேடுங்கோ பிள்ளை, இரும்பு கிடக்கும்."

"இரும்பெண்டால் பளிச்செண்டு தெரியும். இது வெறும் கொழுப்பு."

அக்கா அங்கயே அழுதிட்டா. நானும்தான். குப்புறக் கிடந்ததால ஒருத்தரும் காணேல்லை. ஷெல் துண்டு எண்டு கத்தித் திரிஞ்சாலும் உள்ளுக்குள்ள சரியான பயம் மச்சான். இப்ப வீரகத்தியண்ணை என்னோட முகம்குடுத்துக் கதைக்கிறேல்லை, நெல்மூட்டையும் திரும்ப என்ரை தோளில.

ஆகையால் லீவை வீணாக்காமல் அங்கேயே இரும். பிள்ளைகள் நல்லாயிருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உமது அத்தான்
தவராசா

பி.கு.: அக்கா இதை வாசிச்சிட்டா. முற்றத்துக்குப் போய், உமக்குத் தூள் இடிக்கவெண்டு வெயில்ல காயவைச்ச செத்தல் மிளகாயைத் திரும்பச் சாக்குக்குள்ள கொட்டினா. உம்மைக் கண்டு பதினைஞ்சு வருசமாம். டிக்கெட்டை நிற்பாட்டவேண்டாம் மச்சான். லீவு தாறவன் கேட்டால் அத்தானுக்குக் கட்டி, நல்ல பெரிசு எண்டு சொல்லும். அதில ஒரு பொய்யுமில்லை. வாரும்.