ஆடு பாயும்

வட்ஸ்அப்பில் படம் போய்ச் சேர்ந்தது கூட்டாளிமார் குறூப்புக்கு அல்ல, மகளின் கல்யாண குறூப்புக்கு என்று நஜீமுக்கு விளங்கியபோது ஏழு பேர் அதைப் பார்த்து முடித்திருந்தார்கள்.

கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நஜீமுக்கு, இணையத்தில் கிடக்கும் வேடிக்கைகளைப் பொறுக்கி நாலு பேருக்கு அனுப்பாவிட்டால் காலைத் தேநீர் இறங்காது. அன்று அகப்பட்டது, யாரோ வீட்டுக் கேற்றில் தொங்கிய ஒரு பலகையின் படம்.

'கேற்றைச் சாத்தவும். ஆடு பாயும். சாத்தாவிட்டால் மாமி பாய்வா.'

மகளுக்கு மாமியாராக வரப்போகும் முஸ்பிறாவும் அந்தக் குறூப்பில் இருந்தார்.

"உடன அழிங்க," என்றாள் மனைவி சுஹறா.

அழித்தார். தன் போனில் மட்டும்.

"இப்ப எனக்குத்தான் தெரியல்ல. மத்த எல்லாருக்கும் தெரியிது."

"அப்ப ஒரு விளக்கம் எழுதுங்களன்."

எழுதினார்: 'படம் உங்களைப் பற்றியது இல்லை. உங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.'

சுஹறா வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "சம்பந்தி ஊட்டுக்கு எழுதுற எழுத்தா இது? சம்பந்தமே இல்லயாம்."

பதறிப்போய் அழுகிற முகத்தை அனுப்பப் போனார். விரல் வழுக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் குரங்கு போய்விட்டது.

'முஸ்பிறா வெளியேறினார்' என்று திரையில் வந்தது.

"வாப்பா, இனிப் போனத் தொடாதீங்க," என்றாள் மகள். அழுதபடி அதைப் பறித்துக்கொண்டாள்.

அதற்குமேல் நஜீமால் வீட்டில் இருக்க முடியவில்லை. இனிப்புக்கு ஒரு தட்டு வட்டிலப்பத்தைக் கட்டிக்கொண்டு, சம்பந்தி வீடு இருக்கும் அட்டாளைச்சேனைக்கு மோட்டார் சைக்கிளை விட்டார். மாப்பிள்ளை பார்க்கப் போன அன்று அவருக்குக் காய்ச்சல். மச்சான்தான் போய்ப் பேசி முடித்தது. அந்த வீட்டை அவர் கண்டதில்லை. காரைதீவு, நிந்தவூர் தாண்டும்வரை மன்னிப்பை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே போனார்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, பாதி திறந்திருந்த கேற்றைத் தள்ளியதுதான் தாமதம், அவர் காலுக்கிடையால் ஓர் ஆடு தெருவுக்குப் பாய்ந்தது. வட்டிலப்பத்தை மதிலில் வைத்துவிட்டுத் துரத்தினார். பள்ளிவாசல் சந்தியில் மடக்கிப் பிடித்து, உடுத்திருந்த சாரமெல்லாம் மண்ணாக, ஆட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பியபோது கேற் சாத்தியிருந்தது. அதில் தொங்கிய பலகையை வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. காலையிலேயே மனப்பாடம்.

கேற்றைத் திறந்தார் முஸ்பிறாவின் கணவர் அபுல் ஹஸன்.

"அல்லாவுக்காகச் சொல்றன், இது உங்கட கேற்றுண்டு எனக்குத் தெரியாது," என்றார் நஜீம். "படத்தப் போட்டதுக்கு முஸ்பிறா தங்கச்சி என்ன மன்னிக்கணும்."

அபுல் ஹஸன் ஆட்டை வாங்கிக்கொண்டு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"படத்துக்கு ஆரு கோவிச்ச? தான் எழுதின போர்ட சம்பந்தியே போட்டிரிக்காருண்டு ஊரெல்லாம் போன் எடுத்துச் சொல்லிட்டிருந்தவ. அது அவவப் பத்தி இல்லண்டு எழுதினீங்க பாருங்க, அதுதான் தாங்கல்ல."